இரண்டாம் மேசையில் ஒரு பொறுப்பேற்புப் பயணம்

அறை விழுந்தது செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. பத்தரைக்குள் முடிந்திருக்க வேண்டிய விவகாரம். நாலு மாதம் இழுத்தது. அந்த நாலு மாதத்தில் அறைந்தவன் பாதி ஞானியாகிவிட்டான். அறை வாங்கியவள் பத்தொன்பது கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்தாள்.

ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற சலவை நிலையம் அது. மடிக்கும் கூடத்தில் நாலு மேசை, மேசைக்கு இரண்டு பேர். இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. முயன்று பார்த்தவர்கள் விரிப்பால் தரையைத் துடைத்ததுதான் மிச்சம். இந்தப் பக்கம் ஒருத்தர் இரண்டு மூலை, அந்தப் பக்கம் ஒருத்தர் இரண்டு மூலை. ஒரு உதறு, ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. பிறகு இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். விரலோடு விரல் படும். எதிராளி காலையில் என்ன சாப்பிட்டார் என்று மூச்சிலேயே தெரியும். ஒரு நாளைக்கு இப்படி முந்நூறு தடவை. கட்டின புருஷனைக்கூட அத்தனை தடவை நேருக்கு நேர் பார்க்கிற பெண் உலகத்தில் கிடையாது.

இரண்டாம் மேசையில், அறை வாங்கிய மடிப்புக்காரிக்கு எதிரே நின்றவனுக்குக் கஞ்சி என்று பெயர். அவன் சட்டையில் போடுகிற கஞ்சிக்கு அந்தச் சட்டை ஆள் இல்லாமலே தனியாக நிற்கும். மூலை விஷயத்தில் அவனுக்கு ஒரு வெறி. அன்றைக்கு மூலை ஒரு விரல் அகலம் தள்ளிப் போயிருந்தது.

"மூலை எங்க இருக்கு, நீ எங்க பிடிச்சிருக்க? கண்ணு இருக்கா இல்லையா?"

"எனக்கு இருக்கு. உங்களுக்குத்தான் மூலையைத் தவிர வேற எதுவும் தெரிய மாட்டேங்குது" என்றாள் மடிப்புக்காரி.

பளார் என்று ஒன்று. இடது காதில் விசில் ஊதியது. மூன்று நாள் ஊதியது.

அவள் நேரே சூப்பர்வைசரிடம் போனாள். போலீசுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. அவனை வேலையை விட்டுத் தூக்கு என்று கேட்கவில்லை. "சார், எனக்கு வேற மேசை குடுங்க. இல்ல அவனுக்கு வேற மேசை குடுங்க. ரெண்டுல எதுன்னாலும் சரி."

சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். உத்தரவு இருந்தால் நல்லது செய்வார். தலையைச் சொறிந்தார். "போன மாசமா இருந்தா இந்நேரம் நாலாம் மேசைக்குப் போன்னு சொல்லியிருப்பேன். இப்ப வட்டம் வந்துடுச்சேம்மா."

வட்டம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். வட்டத்தம்மா முன்பு கறை நீக்கும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவள். காபிக் கறையோடு அவளிடம் போன மேசைவிரிப்பு காபி நிறத்திலேயே திரும்பி வரும். கறை போயிருக்காது, சமமாகப் பரவியிருக்கும். "இப்ப கறை எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்" என்பாள். ஓட்டல்காரர்கள் சண்டைக்கு வந்ததும் நிர்வாகம் அவளை மூன்று நாள் பயிற்சி முகாமுக்கு அனுப்பியது. போனவள் கழுத்தில் மணிமாலையும் குரலில் பஞ்சுமாகத் திரும்பினாள். இனிமேல் நிலையத்தில் மெமோ கிடையாது, எச்சரிக்கை கிடையாது, தண்டனை என்ற சொல்லே கிடையாது. எது நடந்தாலும் பொறுப்பேற்பு வட்டம்.

முதல் கூட்டம் சோப்புத்தூள் பீப்பாய்கள் அடுக்கிய அறையில் நடந்தது. வட்டமாகப் பத்து நாற்காலி. நடுவில் ஒரு பூச்செடி. யார் சட்டைக் காலரில் துணிக் கிளிப் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம் என்பது விதி. மடிப்புக்காரி கிளிப்பை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"மேடம், அவன் என்னை அறைஞ்சான். எனக்கு..."

"ஒரு நிமிஷம்." வட்டத்தம்மாவுக்கு மட்டும் கிளிப் தேவையில்லை. "அறைஞ்சான்ங்கிறது வன்முறையான சொல்."

"அறைஞ்சது?"

"அது ஒரு நிகழ்வு."

நிகழ்வைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். 'செவ்வாய்க்கிழமை காலை, பயணியின் உள்ளங்கைக்கும் உடன்பயணியின் கன்னத்துக்கும் இடையில் இருந்த தூரம் எதிர்பாராமல் குறைந்தது.'

"உடன்பயணின்னா யாரு மேடம்?"

"நீதாம்மா."

"நான் எந்த வண்டியிலயும் ஏறலையே."

"ஏறுறதும் ஏறாததும் உன் இஷ்டம். ஆனா வண்டி கிளம்பிடுச்சு."

மடிப்புக்காரி மேசை மாற்றத்தைப் பற்றிக் கேட்டாள். வட்டத்தம்மா கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விட்டாள். சோப்புத்தூள் பறந்து நாலு பேர் தும்மினார்கள்.

"அவரை வேற மேசைக்கு அனுப்பினா அது நாடு கடத்துறது. நாம யாரையும் தூக்கி எறியறவங்க இல்ல. உன்னை அனுப்பினா அது பாதிக்கப்பட்டவங்களையே தண்டிக்கிறது. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். அதனால ரெண்டு பேரும் அங்கேயே இருங்க. இதோ பாரும்மா, மேசையை மாத்திட்டா பிரச்சினை தீர்ந்துடும். பிரச்சினை தீர்ந்துட்டா அப்புறம் நாம எதை வச்சு வளர்றது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தும்மியவர்கள் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார்கள்.

அடுத்து ஆதரவுக் குழு அமைக்கப்பட்டது. மாற வேண்டிய தூரம் அதிகம் என்பதால் கஞ்சிக்கு ஆறு பேர். மடிப்புக்காரி மாற வேண்டியது எதுவும் இல்லாததால் ஒரே ஆள், இஸ்திரியக்கா. இரண்டாவது வாரமே கஞ்சியின் குழுவில் ஒருத்தருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பதில் ஆளாக இஸ்திரியக்காவை எடுத்துக்கொண்டார்கள்.

"கோவிச்சுக்காதடி" என்றாள் இஸ்திரியக்கா. "அங்க பிஸ்கெட் தர்றாங்க. அதோட அவனை நாங்க ஆறு பேரும் நாளைக்கு ரெண்டு தடவை 'இப்ப மனசு எப்படி இருக்கு'ன்னு கேக்கணும். நேரமே போதல."

"என்னை யாருக்கா கேக்குறது?"

இஸ்திரியக்கா யோசித்தாள். "உனக்குத்தான் மனசு எப்படி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியுமேடி."

எப்படி இருந்தது என்றால், விரிப்பை உதற அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் அவள் கண் தானாக மூடிக்கொண்டது. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. கண்ணை மூடினால் மூலை தவறும். மூலை தவறினால் அவன் கழுத்து நரம்பு புடைக்கும். புடைப்பதைப் பார்த்தால் அவள் கண் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். இதைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னாள். 'உடன்பயணி தியானத்தில் ஆர்வம் காட்டுகிறார்' என்று எழுதினார்கள்.

பயணத்துக்கு ஏழு படி. உணர்தல், உற்று நோக்குதல், உருகுதல் என்று போய், ஏழாவது படியில்தான் மன்னிப்புக் கேட்டல். ஒவ்வொரு படி ஏறும்போதும் கைதட்டி, சட்டையில் ஒரு வில்லை குத்துவார்கள். உருகுதல் படியில் கஞ்சி உருகினான் பாருங்கள், அப்படி ஒரு உருக்கம். சின்ன வயதில் நோட்டுப் புத்தகத்து அட்டையின் மூலை மடிந்துவிட்டதற்கு வாத்தியார் முட்டி போட வைத்தாராம். கூட்டமே மூக்கைச் சிந்தியது. வட்டத்தில் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதால், அவன் கண்ணைத் துடைக்கக் காகிதம் எடுத்துத் தரும் வேலை மடிப்புக்காரிக்கு ஒதுக்கப்பட்டது. வாத்தியார்மேல் எல்லோருக்கும் கோபம் வந்தது. கன்னத்தைப் பற்றிப் பேச நேரமில்லாமல் போய்விட்டது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் மாதத்தில் ஒருநாள், தண்ணீர்க் குழாய் அருகே கஞ்சி அவளைத் தனியாகப் பார்த்து நின்றான். நெஞ்சில் அப்போது மூன்று வில்லை.

"ஏம்மா... அன்னைக்கு நான் பண்ணினது... சா..."

அதற்குள் வட்டத்தம்மா எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள். "என்ன பண்றீங்க? நீங்க இன்னும் மூணாம் படியிலதான் இருக்கீங்க! இப்பவே கேட்டுட்டா நடுவுல இருக்கிற படியெல்லாம் என்ன ஆகறது?"

பொத்திய கைக்குள்ளே 'ரி' மட்டும் முனகலாகக் கேட்டது. அது கணக்கில் வராது என்று அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

வீட்டில் மடிப்புக்காரியின் அக்கா தலை துவட்டிக்கொண்டே கேட்டாள். "இன்னைக்கும் கூட்டமா?"

"ஆமா. இன்னைக்கு என்னோட வீட்டுப்பாடம் சரியில்லைன்னு சொல்லிட்டாங்க."

"உனக்கு எதுக்குடி வீட்டுப்பாடம்? அறைஞ்சது அவன்தானே?"

"'என் கன்னம் எனக்குச் சொன்னது'ன்னு ஒரு பக்கம் எழுதணும். வலிக்குதுன்னு எழுதினேன். ஆழம் பத்தலையாம்."

"நாளைக்கு நான் வரேன். அந்த அம்மாவோட கன்னம் என்ன சொல்லுதுன்னு நான் கேக்குறேன்."

"நீ வேற. அப்புறம் உனக்கும் ஆறு பேர் குழு போட்டு பிஸ்கெட் குடுப்பாங்க" என்றாள் தங்கை. சொன்ன பிறகுதான் அவளுக்கே சிரிப்பு வந்தது. அறை விழுந்ததிலிருந்து முதல் தடவை.

இதற்கிடையில் வேலை படுத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு மடித்த விரிப்புகள் முக்கோணமாகவும், ஒன்றிரண்டு தொப்பி மாதிரியும் ஓட்டலுக்குப் போயின. வட்டம் அவசரமாகக் கூடி, மூன்று மணி நேரம் பேசி, மேசை மாற்றம் தவிர மீதி எல்லா வழிகளையும் அலசி, ஒரு பாலத்தை நியமித்தது.

பாலம் என்றால் ஆள். டெலிவரி வண்டி ஓட்டுகிற நெட்டையான டிரைவர். விரிப்பின் நடுவில் அவர் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் கஞ்சி, இந்தப் பக்கம் மடிப்புக்காரி. இருவரும் நடந்து வரும்போது அவள் கையிலிருந்து மூலைகளை டிரைவர் வாங்கி, "நல்லெண்ணத்தோடு தரப்படுகிறது" என்று சொல்லிக் கஞ்சியிடம் தர வேண்டும். விரல் படாது. உறவு அறுபடாது. முகாமில் கொடுத்த கையேட்டில் அப்படித்தான் படம் போட்டிருந்ததாம்.

"அம்மாடி, நான் எந்தப் பக்கம் குனியணும்?" என்று பரிதாபமாகக் கேட்பார் டிரைவர். உதறும்போது ஒரு குனிவு, மடிக்கும்போது ஒரு குனிவு, சேர்க்கும்போது வயிற்றை எக்கல். சில சமயம் அவரையும் சேர்த்தே மடித்துவிடுவார்கள். உள்ளேயிருந்து "நல்லெண்ணத்தோடு... ஐயோ, மூச்சு..." என்று குரல் வரும். ஒரு ஓட்டலிலிருந்து போன் வந்தது. இருபதாம் எண் அறைக்காரர் படுக்கப் போன விரிப்புக்குள் ஒரு மூக்குக்கண்ணாடியும் பாதி கடித்த பிஸ்கெட்டும் இருக்கிறதே, இது புதுச் சேவையா என்று கேட்டார்கள். வண்டி ஓட்ட ஆளில்லாமல் மடித்த துணியெல்லாம் வாசலில் மலையாகக் கிடந்தது. அந்த மலையைப் பார்த்து வட்டத்தம்மா, "மாற்றம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிடுச்சு" என்றாள்.

நாலாவது மாதத்தில் கஞ்சி ஆறாம் படியில் நின்றான். நெஞ்சில் ஆறு வில்லை. கஞ்சி போட்ட சட்டைக்கு அந்த எடை ஒன்றும் பெரிதில்லை. புதிதாக வருகிறவர்கள் அவனிடம் யோசனை கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவனும் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டுத்தான் பதில் சொன்னான். அந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. நிலையத்தின் பன்னிரண்டு கிளைகளுக்கும் தலைவரானவர் நேரில் வந்து இந்தச் சாதனையைப் பார்க்கப் போகிறார்.

வட்டத்தம்மா மடிப்புக்காரியைத் தனியாகக் கூப்பிட்டாள். "நாளைக்குப் பாலம் இல்லாம மடிச்சுக் காட்டணும். சிரிச்ச முகமா இரு. முக்கியமா கண்ணை மூடாத."

"மேடம், நான் வேணும்னு மூடல. அதுவா மூடிக்குது. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு வர்றவர்கிட்ட நானே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன், மேசை மட்டும்..."

"நாலு மாசமா உன் ஒருத்திக்காக இத்தனை பேர் உட்கார்ந்திருக்கோம். நீ இன்னும் மேசையிலேயே நிக்கிற." வட்டத்தம்மாவின் குரலில் இருந்த பஞ்சு ஒரு கணம் காணாமல் போனது. "அவர் ஆறு படி ஏறிட்டாரு. நீ தரையிலேயே இருக்கியேன்னு உனக்கே கூச்சமா இல்ல?"

மறுநாள் தலைவர் வந்தார். கூடவே புகைப்படக்காரர். மடிக்கும் கூடத்தில் மாலை, கைதட்டல் எல்லாம் முடிந்ததும் தலைவர் பேசினார்.

"நான் பொறுப்புக்கு வந்தப்ப கிளைகள்ல புகார் வரும், ரெண்டு நாள்ல முடிச்சுடுவாங்க. எவ்வளவு மேலோட்டமான காலம்! இன்னைக்குப் பன்னிரண்டு கிளைகள்லயும் நாப்பத்தியொரு பயணம் ஓடிட்டிருக்கு. ஒண்ணுகூட முடியல. அவ்வளவு ஆழம்! போன வருஷம் ஒரு கிளையில ஒரு அம்மா வேலையை விட்டே போயிட்டாங்க. அவங்க போனப்புறமும் அவங்களுக்கான வட்டத்தை நாம நிறுத்தல. இன்னும் நடக்குது. எதிராளி அழகா முன்னேறிட்டு வர்றார்."

கைதட்டல். பிறகு செயல்விளக்கம். கஞ்சி அந்தப் பக்கம், மடிப்புக்காரி இந்தப் பக்கம். டிரைவர் ஓரமாக நின்று பழக்கத்தில் குனிந்துகொண்டார். அவன் உதறக் கையைத் தூக்கினான். அவள் கண்ணை வலிந்து திறந்து வைத்திருந்தாள். தண்ணீர் வழிந்தது. "ஆனந்தக் கண்ணீர்" என்று வட்டத்தம்மா தலைவரின் காதில் சொன்னாள்.

அப்போது புகைப்படக்காரர் ஒரு யோசனை சொன்னார். "தலைவர் மடிக்கிற மாதிரி ஒண்ணு எடுக்கலாமா?"

"எடுக்கலாமே! நகரும்மா, நான் பிடிக்கிறேன்" என்று மடிப்புக்காரியின் கையிலிருந்து இரண்டு மூலைகளையும் தலைவர் வாங்கிக்கொண்டார்.

அவருக்கு மடிக்கத் தெரியாது. வீட்டில் கைக்குட்டையைக்கூட யாரோ மடித்துத் தருகிறவர். விரிப்பைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். மூலை ஒரு முழம் தள்ளிப் போனது.

"மூலை சார்" என்றான் கஞ்சி மெதுவாக.

"இன்னொண்ணு எடுங்க, பல்லு தெரியல" என்றார் தலைவர்.

"சார், மூலை."

கழுத்து நரம்பு புடைக்கத் தொடங்கியதைக் கூடத்திலேயே ஒருத்திதான் கவனித்தாள். நாலு மாதமாகப் பத்தொன்பது கூட்டத்தில் அவன் வாத்தியார், அவன் வலி, அவன் படி என்று எல்லாவற்றையும் பேசியாகிவிட்டது. மூலை தவறினால் கை நீளும் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. சொல்லலாமா என்று அவள் வாயைத் திறந்தாள். அவள் காலரில் கிளிப் இல்லை. விதி விதிதான். மூடிக்கொண்டாள்.

"மூலை கிடக்கட்டும்யா, நீ சிரி!" என்றார் தலைவர்.

பளார்.

இயந்திரங்கள்கூட ஒரு சுற்று நின்று கேட்ட மாதிரி இருந்தது. கஞ்சி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். வட்டத்தம்மாவுக்குப் பயிற்சிதான் கை கொடுத்தது. ஓடி வந்து தலைவரின் காலரில் கிளிப்பை மாட்டினாள்.

"தலைவரே, முதல்ல மூச்சு. உள்ள இழுங்க. இது ஒரு நிகழ்வு..."

"நிகழ்வா? அறைஞ்சிட்டான்யா!"

"அந்தச் சொல் கொஞ்சம் வன்முறையா..."

"இவனை என் கண்ணு முன்னாடி இருந்து எடுங்கடா!"

சூப்பர்வைசருக்கு நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒரு உத்தரவு கிடைத்தது. பழைய ஆளாகிவிட்டார். மூன்றே நிமிடம். கஞ்சி முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொதிகலன் கொட்டகையில் நின்றான். அங்கே மூலையே கிடையாது, எல்லாம் உருளை. அவனுக்கும் நிம்மதிதான் என்று பிறகு சொன்னார்கள். நாலாம் மேசையிலிருந்து ஒரு பெண் இரண்டாம் மேசைக்கு வந்து, "ஏய், பிடி இதை, மலை மாதிரி கிடக்குது" என்றாள். மடிப்புக்காரி பிடித்தாள். உதறினார்கள். அவள் கண் திறந்தே இருந்தது.

தலைவருக்குப் பனிக்கட்டி, டாக்டர், சாய்வு நாற்காலி எல்லாம் வந்தன. 'இப்ப மனசு எப்படி இருக்கு' என்று கேட்க மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

மாலையில் வட்டத்தம்மா ஒரு படிவத்தோடு வந்தாள். மணிமாலை கோணலாகிக் கிடந்தது.

"வாழ்த்துகள்மா. பயணம் வெற்றிகரமா முடிஞ்சிடுச்சு. இதை நிரப்பிக் குடு. மத்த கிளைகளுக்கு அனுப்பணும்."

"மேடம், அவரை நாடு கடத்திட்டீங்களே?"

"அது நாடு கடத்துறது இல்ல. இடச் சீரமைப்பு."

"நானும் அதைத்தானே கேட்டேன்?"

"நீ கேட்டப்ப அதுக்குத் தேவை எழலம்மா."

மடிப்புக்காரி சுவரில் காகிதத்தை வைத்து எழுதினாள். முதல் கேள்வி, 'பயணம் எவ்வாறு நிறைவுற்றது?' அவள் எழுதினாள்: 'பயணி தலைவரை அறைந்தார். மூன்று நிமிடத்தில் நிறைவுற்றது.'

வட்டத்தம்மா எட்டிப் பார்த்தாள். "இதை அனுப்ப முடியாதேம்மா. கீழ பரிந்துரைன்னு ஒண்ணு இருக்கு பாரு. அதையாவது மத்தவங்களுக்கு உபயோகமா எழுது."

உபயோகமாக என்ன எழுதலாம் என்று அவள் உண்மையாகவே யோசித்தாள். யாரென்றே தெரியாத அந்த மற்றவர்கள், எங்கெங்கோ யார் யாருக்கோ எதிரே நின்று கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். பேனாவை அழுத்திப் பிடித்து, எழுத்து குண்டு குண்டாக விழும்படி எழுதினாள்.

'மீதி நாற்பது பயணிகளுக்கு எதிரேயும் தலைவர் நேரில் போய் நின்று ஒரு தடவை மடிக்க வேண்டும்.'